கடைசியாக வந்த எண்

நகல் தர முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் உமாமகேஸ்வரி. நந்தனத்தில், தர நிர்ணயம் செய்யும் அரசு அலுவலகமான தரமன்றத்தின் இரண்டாம் மாடியில், கெல்ப் மொழிக் குழுவின் செயலாளர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். எடுத்துச் சொல்லலாமா என்று இளம்பரிதி யோசித்தான். சொல்லவில்லை. சில மாதங்களாகவே அவனுக்கு எதைச் சொல்வதும் பெரிய வேலையாக இருந்தது.

"வரைவு வெளிய போகக் கூடாதுங்க. கருத்துச் சொல்ல உரிமை உள்ளவங்களுக்கு மட்டும்தான் நகல்."

"யாருக்கு உரிமை மேடம்?"

"மெஷின் செய்யுற கம்பெனி. ஆஸ்பத்திரி. ஆராய்ச்சி பண்றவங்க. அப்புறம் மெஷின் வெச்சிருக்கிற நோயாளி."

"என் மனைவி வெச்சிருந்தாங்க."

"அப்போ சுலபம். அவங்களை ஒரு தடவை நேர்ல கூட்டிட்டு வாங்க, கையெழுத்துப் போட்டா..."

"இறந்துட்டாங்க."

அவருடைய கைகள் நின்றன. கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி மூக்கில் உட்கார்ந்தது. அதன் வழியாக அவனை முதல் தடவையாகப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்க. மெஷின் இப்போ வீட்ல இருக்கணும். இல்ல, வரப்போகுதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கணும். விதி அப்படி." பிறகு, "உங்க குடும்பத்துல வேற யாராவது..." என்றார்.

இருந்தாள். சங்கவி. சஹானாவின் தங்கை. அக்காவுக்கு வந்த அதே சிறுநீரக வியாதி, பரம்பரையாக வருவது. அடுத்த மாதம் அவளுக்கு மெஷின் வருகிறது. அவளுக்குத் தெரியாமல் இந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்றுதான் அவன் இங்கே வந்திருந்தான்.

கெல்ப் மனிதர்கள் பேசும் மொழி இல்லை. உடம்போடு ஒட்டி ஓடுகிற இயந்திரங்களுக்குக் கட்டளை எழுதும் கணினி மொழி. பேஸ்மேக்கர், இன்சுலின் பம்ப், வீட்டு டயாலிசிஸ் மெஷின் எல்லாமே அதில்தான் எழுதப்பட வேண்டும் என்று உலக நாடுகள் கூடி முடிவெடுத்திருந்தன. கம்பெனிக்கொரு மொழி என்று இருந்த காலத்தில் ஒரு மெஷின் சொல்வது இன்னொன்றுக்குப் புரியாமல் ஆட்கள் செத்தார்கள். ஒரே மொழி வந்தது. அந்தச் சாவுகள் நின்றன. வேறு சாவுகள் வந்தன.

சஹானாவின் சாவைப் பற்றி அவனுக்குச் சொன்னது, மெஷினைக் கழற்றி எடுத்துப் போக வந்த சர்வீஸ் ஆள். ஸ்க்ரூக்களை ஒரு டீ கிளாசில் போட்டுக்கொண்டே சொன்னான்.

"மெஷின் மேல தப்பு இல்ல சார். பிரஷர் பார்க்கிற சென்சார் கரண்ட் ஆடினதுல கட் ஆயிடுச்சு. கட் ஆனா என்ன பண்ணணும்னு மொழியில ஒண்ணும் சொல்லல. கம்பெனி இஷ்டம்னு விட்டுட்டாங்க. கடைசியா வந்த நம்பரையே வெச்சுக்கிட்டு ஓடும். எங்களுது மட்டும் இல்ல, எல்லாருதும் அப்படித்தான். புது வெர்ஷனுக்கு வரைவு சுத்துல விட்டிருக்காங்களாம். அதுல மாத்தினா உண்டு. இல்லேன்னா இன்னும் பத்து வருஷத்துக்கு இதான்."

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. சஹானா தூங்கிக்கொண்டிருந்தாள். மெஷின் அவள் உடம்பிலிருந்து மிகுதியான நீரை இழுத்துக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கினால் அது இழுப்பதை நிறுத்த வேண்டும். இளம்பரிதி பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினான். திரையில் ரத்த அழுத்தம் நூற்றுப் பதினெட்டு. நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் நூற்றுப் பதினெட்டு. நல்ல எண். அவள் கையைத் தொட்டு, அது குளிர்ந்திருப்பதை உணர்ந்தபோதும் நூற்றுப் பதினெட்டு.

அவன் சிவில் இன்ஜினியர். மெட்ரோ தூண்களில் விரிசல் பார்க்கிறவன். சந்தேகமான விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு வருவார்கள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். அவ்வளவுதான் கருவி. உடைந்த பிறகும் முழுசாக இருப்பதுபோல் காட்டுகிற கண்ணாடியை எவன் செய்தான் என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

*

ஆவடியில் மாமனார் வீட்டு முன்னறையை சங்கவி கடையாக்கி வைத்திருந்தாள். போனை ஸ்டாண்டில் நிறுத்தி, வட்ட விளக்கைப் போட்டு, தோளில் ஒவ்வொரு சேலையாகப் போட்டுக் காட்டி நேரலையில் விற்பாள். அவன் போனபோது, "இந்த மயில்கழுத்து நிறம் ஒண்ணுதான்க்கா இருக்கு, யோசிச்சிட்டே இருந்தீங்கன்னா பக்கத்து வீட்டு அக்கா கட்டிட்டுப் போயிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன. போன் கண்ணில் கால்கள் படாது.

விளக்கை அணைத்தாள். முகமும் அணைந்தது.

"சொல்லுங்க மாமா. ஞாயித்துக்கிழமை இல்லாம வந்திருக்கீங்க."

"ஒரு கையெழுத்து வேணும். நந்தனத்துல ஒரு ஆபீஸ். சும்மா, மெஷின் வரதுக்கு முன்னாடி ஒரு ஃபார்மாலிட்டி."

"ம்." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தாள். "மாமா, பொய் சொன்னா உங்களுக்குக் காது சிவக்குமாம். அக்கா சொல்லியிருக்கா."

"சங்கவி..."

"ரெண்டும் சிவந்திருக்கு. பெரிய பொய்யா?"

சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான், அவனுக்கு வேறு மாதிரி வராது. மெஷின், சென்சார், கடைசியாக வந்த எண். அதுவரை சஹானா இதயம் நின்று போனாள் என்று மட்டும்தான் இந்த வீட்டுக்குத் தெரியும். சங்கவி மடியிலிருந்த சேலையை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"அதே மெஷினா எனக்கும்?"

"எல்லா மெஷினும் அதேதான்."

"எட்டு மாசமா தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பூரி சாப்பிட்டுட்டுப் போயிருக்கீங்க."

சேலையை ஒதுக்கி வைத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க. எப்போ போகணும்?"

*

வரைவை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தரமன்றத்திலேயே ஒரு அறை. ஜன்னல் ஓரம் மேசை. உள்ளே போகுமுன் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நகல் சங்கவியின் பெயரில் அச்சடிக்கப்பட்டது. ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கிலும் சாம்பல் நிறத்தில் பெரிய எழுத்து: சங்கவி தணிகைவேலுக்கு மட்டும். பக்கம் காணாமல் போனால் யாரிடமிருந்து போனது என்று தெரிய வேண்டுமாம்.

"என் கல்யாணப் பத்திரிகையில கூட இத்தனை தடவை என் பேரு வராது" என்றாள் சங்கவி.

உமாமகேஸ்வரி சிரித்துவிட்டார். பிறகு சிரித்திருக்கக் கூடாதோ என்று இளம்பரிதியைப் பார்த்தார். அவன் அதற்குள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். தேடியதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. உள்ளீடு வராதபோது என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் இரண்டே வரி. தயாரிப்பாளரின் முடிவுக்கு விடப்படுகிறது. பழைய பதிப்பில் இருந்தது அப்படியே வந்திருந்தது.

"யாரும் எதுவும் கேட்கலையா மேடம்?"

"எங்க குழுவோட வழக்கம் ஒண்ணு இருக்குங்க. பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம். கருத்துக் கேட்டு அனுப்புவோம். பாதி நாடு படிக்கவே படிக்காது. அது சம்மதம். இன்னொண்ணு, குறை மட்டும் எழுதினா எடுபடாது. 'பார்த்தோம்'னு எழுதி மூடிருவாங்க. இந்த இடத்தை எடு, இந்த வாசகத்தை வைன்னு நீங்களே எழுதித் தரணும். அப்போதான் ஓட்டுக்குப் போகும்."

"எழுதிட்டுத்தான் வந்தேன்."

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து வைத்தான். சென்சார் எண் வராவிட்டால் இயந்திரம் உடனே நிற்க வேண்டும், ஒலி எழுப்ப வேண்டும்.

உமாமகேஸ்வரி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஆபீஸ் பையனைக் கூப்பிடாமல் தானே போய் மூன்று டீ கொண்டுவந்தார். ஒரு கப் சங்கவியின் முன்னால் வைக்கப் போய், அவள் அளந்துதான் குடிக்க முடியும் என்று நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார்.

"பரவாயில்ல, வைங்க மேடம். வாசனை பிடிக்கிறேன்" என்றாள் சங்கவி.

"இதையே போன பதிப்புல நம்ம நாடே கொண்டுபோச்சு. நான்தான் எழுதினேன்" என்றார் உமாமகேஸ்வரி. "அப்புறம் நாமளே திரும்ப வாங்கிக்கிட்டோம்."

"ஏன்?"

"சோதனை பண்ணிப் பார்த்தாங்க. கொஞ்சம் மெஷினை அந்த மாதிரி மாத்தி வீடுகளுக்குக் கொடுத்தாங்க. சென்சார் கட் ஆனா நின்னுச்சு. நின்னா குழாய்ல இருக்கிற ரத்தம் உறையும். அந்த ரத்தம் போச்சு. மறுபடி ஆரம்பிக்கணும். மறுபடி நிக்கும். ஒரு வாரம் ஒழுங்கா சுத்திகரிப்பு நடக்காது. நடக்கலேன்னா..." நிறுத்தினார். "ஓடிக்கிட்டே இருந்த மெஷினைவிட நின்ன மெஷின்ல போனவங்க அதிகங்க."

"அது வேற ஊர்ல இருக்கும்."

"நம்ம ஊர்தான். கரண்ட் ஆடுற ஊர்." அவர் தணிந்த குரலில் கேட்டார். "உங்க வீட்ல எப்படி? ஆடுமா?"

இளம்பரிதி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அம்பத்தூரில் சாயங்காலம் ஆனால் ஃபேன் ஒரு தடவை மூச்சுப் பிடித்து விடும். தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் மாறுகிற நேரம். சஹானா அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தாள், கொட்டாவி என்று. "கொட்டாவி விட்டாச்சு, டீ போடுங்க" என்பாள், கையில் ஊசி குத்தியிருக்க. மெஷின் நின்றதே இல்லை.

"தினமும்" என்றான்.

"எத்தனை வருஷம் வெச்சிருந்தாங்க?"

"மூணு."

மூன்று வருடச் சாயங்காலங்கள் அவன் கண்முன் வந்தன. ஒவ்வொன்றிலும் சென்சார் சில நொடிகள் அறுந்து மீண்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் மெஷின் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு குருட்டுத்தனமாக ஓடி அவளை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அவளைக் கொன்றது எதுவோ அதுதான் அதுவரை அவளைக் காப்பாற்றி வைத்திருந்தது. எட்டு மாதம் பிடித்து வைத்திருந்த கோபத்துக்கு இப்போது உட்கார இடமில்லை.

சங்கவி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்போ எனக்கு எது மேடம்? நின்னாலும் போவேன், ஓடினாலும் போவேனா?"

"அப்படி இல்லம்மா..."

"சேலை விக்கிறவ நான். சாயம் போகும்னா போகும்னு சொல்லித்தான் விப்பேன். இந்த மெஷின் ஏன் சொல்ல மாட்டேங்குது?"

இளம்பரிதி தலையை நிமிர்த்தினான்.

"என்ன சொல்லணும்?"

"ஓடட்டும். ஆனா எனக்கு இப்போ கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல? பழைய நம்பரைப் புது நம்பர் மாதிரி காட்டுறதுக்குப் பேரு என்ன?"

அவன் தன் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். இயந்திரம் ஓடலாம். ஆனால் எண் பழையதாக இருந்தால் அது நிறம் மங்க வேண்டும். எத்தனை நொடி பழையது என்று பக்கத்தில் ஓட வேண்டும். பார்க்கிறவர் முடிவு செய்துகொள்ளலாம், பொறுப்பதா நிறுத்துவதா என்று. மூன்று வாக்கியம். உமாமகேஸ்வரி ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்.

"கம்பெனிங்க எதிர்ப்பாங்க" என்றார். "நோயாளி பயந்துடுவாங்கன்னு சொல்வாங்க."

"நோயாளி நான்தானே? நான் பயப்பட மாட்டேன்னு எழுதிக்கோங்க" என்று சங்கவி கையெழுத்துப் போட்டாள். கருத்து, நகல் வாங்கியவர் பெயரில்தான் போக வேண்டும். தரமன்றத்தின் முத்திரையோடு அன்றைக்கே போனது.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது அவள் கேட்டாள். "இதை எனக்காக எழுதினீங்களா மாமா, அக்காவுக்காகவா?"

அவனுக்குத் தெரியவில்லை. ஆட்டோ வந்தது.

*

திருத்தத்தைக் குழு எடுத்துக்கொண்டது. உமாமகேஸ்வரியே போன் செய்தார். மெஷின் கம்பெனிகள் உள்ள மூன்று நாடுகள் எதிர்த்தன, நான்கு நாடுகள் ஆதரித்தன. மற்ற நாடுகள் படிக்கவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம். அந்த வழக்கமே இந்தத் தடவை இவர்கள் பக்கம் நின்றது.

"சந்தோஷமாங்க?" என்று கேட்டார்.

"நன்றி மேடம்" என்றான். சந்தோஷம் என்ற இடத்தில் கை வைத்துப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை.

சங்கவிக்கு மெஷின் வந்து மூன்று மாதத்தில் புதிய பதிப்பை அதில் ஏற்றினார்கள். அவளுடைய அம்மாவுக்கு ரத்தக் குழாயைப் பார்த்தாலே தலைசுற்றும். அதனால் டயாலிசிஸ் நாட்களில் இளம்பரிதி ஆவடிக்கு வந்துவிடுவான். மெஷினைப் பற்றி அவனுக்குத்தான் தெரியும்.

முதல் தடவை மின்சாரம் ஆடியபோது வெள்ளை எண் சாம்பலானது. பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடிகள் ஏறின. சங்கவி மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தாள். ஏழில் எண் மறுபடி வெள்ளையானது.

"வேலை செய்யுது மாமா!" என்று கைதட்டப் போனாள். ஒரு கையில் ஊசி இருந்தது.

அடுத்த தடவை கைதட்டவில்லை. அதற்கடுத்த வாரம் பேச்சும் குறைந்தது. நான்கு மணி நேரமும் திரையையே பார்த்தாள். சாம்பல், வெள்ளை. சாம்பல், வெள்ளை. ஆவடியில் அம்பத்தூரைவிட அதிகம் ஆடியது. எண் மங்கும்போதெல்லாம் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டாள். தூங்கவே இல்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, எதற்காகப் பயப்படுகிறாள் என்று டாக்டர் கேட்டார். பாதிப் பேர் இப்படித்தான் ஆகிவிட்டார்கள், சிலர் மெஷினே வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றார். சேலை நேரலையும் நின்றது. வட்ட விளக்கு மூலையில் துணி மூடிக் கிடந்தது.

ஒரு மத்தியானம் அவள் சொன்னாள்.

"மாமா. அன்னிக்கு அக்கா தூங்கிட்டுத்தானே இருந்தா?"

"ம்."

"பயந்தாளா?"

"இல்ல. தூங்கினா."

"நம்பர் நல்லா இருந்துச்சு. அதனால தூங்கினா." கொஞ்ச நேரம் மெஷினின் சுழற்சியைக் கேட்டாள். "நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் சரி. எழுதினதும் சரி. அதை அந்தப் பக்கம் திருப்பிடுங்க மாமா. என்னால முடியல."

அவன் எழுந்து திரையின் கழுத்தைப் பிடித்துத் திருப்பினான். இப்போது அது அவன் உட்காரும் நாற்காலியை மட்டும் பார்த்தது.

"தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது."

"எவ்ளோ?"

"நூத்திப் பத்து."

"கேட்டா சொல்லுவீங்கல்ல?"

"சொல்றேன்."

அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டாள். அப்போது மேலே ஃபேன் ஒரு தடவை மூச்சுப் பிடித்து விட்டது. நூற்றுப் பத்து சாம்பலானது. ஒன்று. இரண்டு. மெஷினை நிறுத்தி ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்பும் சிவப்புப் பொத்தானின் மேல் இளம்பரிதி விரலை வைத்தான். அழுத்தவில்லை.

"மாமா, இப்போ எவ்ளோ?"

ஒன்பது. பத்து. அவன் சாம்பல் எண்ணைப் பார்த்தான்.

"நூத்திப் பத்து" என்றான்.

காதுகள் சுடுவது அவனுக்கே தெரிந்தது. சங்கவி அவன் பக்கம் திரும்பவில்லை. கண்களை இறுக்கி மூடியிருந்தாள்.

"நான் பார்க்க மாட்டேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள்.

நாற்பது. நாற்பத்தொன்று. அவன் இன்னொரு கையால் அவள் கையைத் தொட்டான். சூடாக இருந்தது. தொட்டபடியே எண்ணிக்கொண்டிருந்தான்.